ஸ்லிக் ரிக் யாரு, அவர எதுக்கு அமெரிக்கா இத்தன வருஷம் துரத்துச்சு?

கேள்வி இதுதான். 2019 பிப்ரவரில 21 சாவேஜ்ங்கிற ராப்பர அமெரிக்க இமிக்ரேஷன் ஆளுங்க பிடிச்சாங்க, அப்போதான் அவரு அட்லாண்டாக்காரர் இல்ல லண்டன்ல பொறந்தவர்னு ஊருக்கே தெரிஞ்சுது. அந்த நேரத்துல பழைய ஹிப் ஹாப் ஆளுங்க எல்லாரும் "ஸ்லிக் ரிக்குக்கு நடந்த மாதிரியே இருக்கே"ன்னு பேசினாங்க. அந்த ஸ்லிக் ரிக் யாரு, அவரு பிரிட்டிஷா அமெரிக்கரா, ஒரு பாட்டுக்காரர அரசாங்கம் ஏன் அப்படி விடாம துரத்துச்சுன்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கெளம்பிக்கலாம். ஸ்லிக் ரிக்கோட நெஜப் பேரு ரிக்கி வால்டர்ஸ், 1965 ஜனவரி 14ல தென்மேற்கு லண்டன்ல மிட்சம்ங்கிற ஏரியால பொறந்தவரு, அப்பா அம்மா ஜமைக்காக்காரங்க. 11 வயசுல குடும்பத்தோட நியூயார்க் பிராங்ஸுக்கு வந்தாரு. ராப்ல கதை சொல்றதுன்னா என்னன்னு ஒரு தலைமுறைக்கே காட்டிக் குடுத்தவரு. 1990ல ரெண்டு பேர சுட்டு ஜெயிலுக்குப் போனாரு. தண்டனைய அனுபவிச்சு முடிச்ச பெறகும், "நீ சிட்டிசன் இல்ல, கெளம்பு"ன்னு கேஸ் ஓடிக்கிட்டே இருந்துச்சு, 2008ல நியூயார்க் கவர்னர் மன்னிப்பு குடுக்குற வரைக்கும். 2016ல, அதாவது அந்த நாட்டுல கால் வச்சு 40 வருஷம் கழிச்சுதான் அமெரிக்க சிட்டிசன் ஆனாரு.

இப்போ விரிவா வருவோம், ஏன்னா இந்தக் கதையோட ருசி எல்லாம் நடுவுலதான் இருக்கு.

மொதல்ல அந்தக் குடும்பம் நகர்ந்த வழி. ரெண்டாம் உலகப் போருக்கு அப்பறம் பிரிட்டனுக்கு வேலைக்கு ஆள் தேவைப்பட்டுச்சு, 1948 சட்டத்துல காலனி ஜனங்களும் பிரிட்டிஷ் குடிமக்கள்னு ஆச்சு, ஜமைக்காலேருந்து கப்பல் கப்பலா லண்டனுக்குப் போனாங்க. அப்பறம் 1962ல பிரிட்டன் கதவ இழுத்துச் சாத்த ஆரம்பிச்சுது, 1965ல அமெரிக்கா பழைய நாட்டுவாரி கோட்டா முறைய தூக்கிட்டு கதவத் திறந்துச்சு. நம்ம ஊர் டாக்டருங்க இஞ்சினியருங்க கூட்டமா அமெரிக்கா போக ஆரம்பிச்சது அதே 1965 சட்டத்தாலதான், அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு வருஷத்துக்கு வெறும் 100 பேர்ங்கிற கணக்கு. அதே கதவு வழியாத்தான் கரீபியன் ஜனங்களும் நியூயார்க்குக்கு வந்து பிராங்ஸ்லயும் புரூக்ளின்லயும் குடியேறினாங்க. ரிக் குடும்பம் 1976ல வந்துச்சு, ஜமைக்காலேருந்து லண்டன், லண்டன்லேருந்து பிராங்ஸ், ரெண்டு தடவ கடல் தாண்டின குடும்பம்.

ஹிப் ஹாப்பையே குடியேறினவங்க வீட்டுப் பிள்ளைன்னு சொன்னா தப்பே இல்ல. 1973 ஆகஸ்ட் 11ல பிராங்ஸ் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் நம்பர் பில்டிங்ல தங்கச்சிக்காக ஒரு பார்ட்டி போட்டு, அந்த ராத்திரியத்தான் ஹிப் ஹாப் பொறந்த நாளா இன்னைக்கும் கொண்டாடுறாங்களே, அந்த டிஜே கூல் ஹெர்க் கிங்ஸ்டன்ல பொறந்து 1967ல வந்தவரு. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் பொறந்தது பார்படோஸ். ஜமைக்கால பெரிய பெரிய ஸ்பீக்கர தெருவுல அடுக்கி வச்சு, பாட்டு மேலயே மைக்க பிடிச்சுப் பேசுற பழக்கம் இருந்துச்சுல்ல, அதோட வாசனை பிராங்ஸ்ல நெறையவே அடிச்சுது. அதனால ரிக் வெளியாளா உள்ள வந்தாரு ஆனா வெளியாளுங்க கட்டின வீட்டுக்குள்ளதான் வந்தாரு.

ரிக் ஒரு கண்ணுல பட்டை கட்டியிருப்பாரு, அந்தக் கண்பட்டை ஸ்டைலுக்குப் போட்டதான்னு நெறைய பேர் கேப்பாங்க. இல்ல. ஒன்றரை வயசுல கண்ணாடி உடைஞ்சு வலது கண்ணுல பட்டு பார்வை போயிடுச்சு. சின்னப் பையனா இருந்தப்போ அது மறைக்க வேண்டிய விஷயம், பெரியவரானப்பறம் அதையே வைரம் தங்கம்னு எழைச்சு, கழுத்துல லாரி டயர்ல கட்டுற சங்கிலி சைஸுக்கு தங்கச் சங்கிலிங்கள மாட்டி, தலையில கிரீடமும் வச்சுக்கிட்டு, தன்ன "தி ரூலர்"னு கூப்பிட்டுக்கிட்டாரு. கடல் கொள்ளைக்காரனும் ராஜாவும் கலந்த கெட்டப்பு.

ஸ்கூல் படிப்புல அவரு எடுத்தது ஓவியம். நியூயார்க்ல மியூசிக் அண்ட் ஆர்ட்னு தேர்வு வச்சு பசங்கள எடுக்குற பேர் போன பப்ளிக் ஹைஸ்கூல், அங்கதான் படிச்சாரு, அங்கதான் டேனா டேன்ங்கிற இன்னொரு ராப்பரும் கூட்டாளி ஆனாரு, ரெண்டு பேரும் சேர்ந்து காங்கோல் க்ரூன்னு ஒரு குழு வச்சிருந்தாங்க. காங்கோல்ங்கிறது தொப்பி கம்பெனி பேரு, வேடிக்கை என்னன்னா அது இங்கிலாந்து கம்பெனி. பிராங்ஸ் பசங்க தலையில எல்லாம் அது எப்படியோ ஏறி உக்காந்துடுச்சு, அதே மாதிரி இங்கிலாந்துலேருந்து வந்த பையனும்.

ஓவியம் படிச்சவர்ங்கறத மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா அவரு ராப் பண்றத கேட்டா சீன் சீனா கண்ணுக்குத் தெரியும்.

1984 வாக்குல டக் ஈ ஃப்ரெஷ்ஷ சந்திச்சாரு. டக் வாயாலேயே ட்ரம்ஸ் அடிக்கிற ஆளு, அவரும் பார்படோஸ்ல பொறந்தவருதான். 1985ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சிங்கிள் விட்டாங்க, ஒரு பக்கம் "தி ஷோ", திருப்பிப் போட்டா "லா டி டா டி". அப்போ ரிக் பேரு எம்சி ரிக்கி டி. "தி ஷோ" பிரிட்டன் சார்ட்லயே 7ஆம் இடம் வரைக்கும் போச்சு, ஒம்போது வருஷம் முன்னாடி விட்டுட்டு வந்த ஊர்ல.

ஆனா காலத்துக்கும் நின்னது பின்பக்கத்துப் பாட்டுதான். "லா டி டா டி"ல இசைக்கருவியே கெடையாது. டக் வாய்ல தாளம், ரிக் வாய்ல கதை, அவ்ளோதான். நம்ம வில்லுப்பாட்டுல கதை சொல்றவர் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து "ஆமா" போட்டுக்கிட்டே இருப்பார்ல, டக்கோட தாளம் கிட்டத்தட்ட அந்த வேலையத்தான் பண்ணுது, ரிக் மூச்சு விடுற எடத்துல ஒரு சின்ன டக்டக், பஞ்ச் வர்ற எடத்துல ஒரு இடி. கதைன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. ஒரு ஆள் காலைல எந்திரிக்கிறான், குளிக்கிறான், சென்ட் அடிக்கிறான், கண்ணாடி முன்னாடி நின்னு "இந்த உலகத்துலயே யாரு டாப்பு"ன்னு கேக்குறான், கண்ணாடி கொஞ்ச நேரம் குலுங்கி யோசிச்சிட்டு "நீதான்டா திமிர் பிடிச்சவனே"ங்குது. வாசப்படி தாண்டினவன் சட்டுனு நின்னு திரும்ப உள்ள ஓடுறான், ஏன்னா தொப்பிய மறந்துட்டான். சந்துல பழைய காதலி அழுதுக்கிட்டு நிக்கிறா, அவ குரல்ல ஒரு பாட்டு, அதுக்குள்ள அவ அம்மா வந்துடுறாங்க, அந்த அம்மாவுக்கே இவன் மேல ஆசை. எல்லாக் குரலும் ரிக்கேதான். பொண்ணு குரலுக்கு மெல்லிசா இழுக்குறாரு, அம்மா குரலுக்கு மூக்கால பாடுறாரு, நடுவுல தன் சொந்தக் குரலுக்கு வரும்போது எதுவுமே நடக்காத மாதிரி ஒரு அலட்சியம்.

அந்த அலட்சியம்தான் அவரோட முத்திரை. அந்தக் காலத்து ராப்பருங்க பெரும்பாலும் மைக்குக்குள்ள கத்துவாங்க, ரன் டிஎம்சி மாதிரி குழுவெல்லாம் தொண்டை கிழிய. ரிக் கத்தவே மாட்டாரு. லண்டன் உச்சரிப்பும் ஜமைக்கா இழுவையும் பிராங்ஸ் ஸ்லாங்கும் கலந்த ஒரு குரல், டீ குடிச்சுக்கிட்டே பக்கத்து வீட்டு விஷயத்த சொல்ற தோரணை. நியூயார்க்லயே பொறந்த யாருக்கும் அந்தக் குரல் வாய்க்க வழியே இல்ல. பின்னால அவர நாட்ட விட்டு அனுப்பப் பாத்தப்போ காரணம் சொன்ன அதே பிறப்புதான் அவருக்கு அந்தக் குரலக் குடுத்துச்சு.

அந்தப் பாட்டு எவ்ளோ தூரம் பரவுச்சுன்னா, 1993ல ஸ்னூப் டாக்ங்கிற ராப்பர் தன்னோட மொதல் ஆல்பத்துல அத அப்படியே எடுத்து தன் ஸ்டைல்ல பாடினாரு. 1997ல இன்னொரு ராப்பர் நோட்டோரியஸ் பிஐஜியோட "ஹிப்னடைஸ்" கோரஸ் கேட்டிருப்பீங்க, அந்த மெட்டும் வார்த்தையும் "லா டி டா டி"ல அந்த அம்மா ரிக்கிய பாத்துப் பாடுற வரியிலேருந்து வந்தது. ஆனா காதலி அழுதுக்கிட்டே பாடுற அந்தப் பகுதி "சுகியாகி"ங்கிற பழைய ஜப்பானியப் பாட்டோட இங்கிலீஷ் வடிவம், உரிமைப் பிரச்சினையால பின்னால வந்த பதிப்புகள்ல அத வெட்டிட்டாங்க, நீங்க ஆன்லைன்ல கேக்கும்போது அந்த எடத்துல ஒரு தாவல் இருந்தா உங்க நெட்ட திட்டாதீங்க.

அப்பறம் டெஃப் ஜாம்ங்கிற பாட்டு கம்பெனில சேர்ந்து 1988 நவம்பர்ல மொதல் ஆல்பம், "தி கிரேட் அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஸ்லிக் ரிக்". பில்போர்டுங்கிற அமெரிக்க இசைப் பத்திரிகையோட கருப்பின இசை ஆல்பம் பட்டியல்ல 1ஆம் இடம், பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் காப்பி வித்துச்சு. தயாரிப்புல பாம் ஸ்குவாட், ஜாம் மாஸ்டர் ஜே எல்லாம் இருந்தாலும் நெறைய பாட்டு ரிக்கே பண்ணது. எல்லாத்தையும் தூக்கிக் கொண்டாட முடியாது, அதுல பொண்ணுங்களப் பத்தி மகா மட்டமான பாட்டும் இருக்கு, "காலம் அப்படி"ன்னு சொல்லி நான் அத மூடி மறைக்கல, அப்பவே திட்டு வாங்கின பாட்டுதான் அது. அதே ஆல்பத்துலயே சின்னப் பசங்களுக்குப் புத்தி சொல்ற "ஹே யங் வேர்ல்ட்"டும் இருக்கு. ஒரே ஆளுக்குள்ள ரெண்டும் இருந்துச்சு.

அந்த ஆல்பத்தோட மகுடம் "சில்ட்ரன்ஸ் ஸ்டோரி". இத கொஞ்சம் நிதானமா சொல்லியே ஆகணும், ஏன்னா பின்னால நடந்தது புரியறதுக்கு இது வேணும்.

ராத்திரி நேரம், குட்டிப் பசங்க ரெண்டு பேர் படுக்கைல, "ரிக்கி மாமா, ஒரு கதை சொல்லுங்க"ங்கறாங்க. மாமா "ஒரு ஊர்ல ஒரு காலத்துல"ன்னு ஆரம்பிக்கிறாரு. ஒரு சின்னப் பையன், இன்னொரு பையன் பேச்சக் கேட்டு வயசானவங்ககிட்ட திருடப் போறான். ஒண்ணு ரெண்டு நல்லா நடக்குது, அப்பறம் கைய வச்சது மாறுவேஷத்துல இருந்த போலீஸ் மேல. ஓட்டம். போதைல கெடக்குற ஒருத்தன் வீட்டுல நுழைஞ்சு துப்பாக்கி எடுக்குறான், மாடிப்படி, குண்டு, திருட்டுக் கார், மணிக்கு 83 மைல் வேகம், போய் ஒரு மரத்துல மோதுது. எறங்கி ஓடி ஒரு கர்ப்பிணிப் பொண்ண பிடிச்சு தலையில துப்பாக்கிய வைக்கிறான், அப்பறம் விட்டுடுறான். போலீஸ் சுத்தி வளைக்குது. துப்பாக்கிய கீழ போடுறான். சுட்டுடுறாங்க. வயசு 17. மாமா "சிரிக்காதீங்க, இது வேடிக்கை இல்ல, குட் நைட்"ன்னு முடிச்சுடுறாரு.

மொத்தமே நாலு நிமிஷம். குரல் ஒரு எடத்துலயும் ஏறல. கொழந்தைக்கு நிலாவ காட்டி சோறு ஊட்டுற குரல்லயே ஒரு பையன் சாவ சொல்லி முடிச்சிடுறாரு, கேக்குறவனுக்கு சாவு நடந்ததே ரெண்டு வரி கழிச்சுத்தான் ஒறைக்கும். நான் மொத தடவ கேட்டப்போ அந்தத் தாளத்துக்கு தலையாட்டிக்கிட்டே இருந்தேன், முடிஞ்சப்பறம்தான் எதுக்குடா தலையாட்டினோம்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடைசில போலீஸ் பையன சுட்டதச் சொல்ற அந்த வரிய வச்சே 30 வருஷம் கழிச்சு 2018ல நாஸ்ங்கிற ராப்பர் ஒரு பாட்டு பண்ணாரு, போலீஸ் கருப்பினப் பசங்கள சுடுறதப் பத்தி.

இப்போ 1990 ஜூலை 3.

ரிக்குக்கு முன்னாடி பாடிகார்டா இருந்தது அவரோட சொந்தக்காரர் ஒருத்தர். வேலைய விட்டு எடுத்தப்பறம் அந்த ஆள் காசு கேட்டு மிரட்டினதாகவும், உயிருக்கே ஆபத்துன்னு பயந்து துப்பாக்கி வாங்கினதாகவும் ரிக் தரப்பு சொல்லுச்சு. அன்னைக்கு பிராங்ஸ்ல அந்த ஆளப் பாத்ததும் சுட்டாரு. அந்த ஆளுக்கும் பட்டுச்சு, சம்பந்தமே இல்லாம அங்க நின்ன ஒருத்தருக்கும் பட்டுச்சு. ரெண்டு பேரும் பொழச்சாங்க. ரிக் கார எடுத்துட்டு பறந்தாரு, போலீஸ் பின்னாலயே. கார் போய் மோதுன எடம் மரம். கார்ல கூட இருந்தது கர்ப்பமா இருந்த அவரோட காதலி.

ரெண்டு வருஷம் முன்னாடி அவரே எழுதி, அவரே எல்லாக் குரலும் குடுத்து, பசங்களுக்குச் சொன்ன கதை. மரம் உட்பட. கர்ப்பிணி உட்பட. யாராவது ஸ்கிரிப்ட்ல இத எழுதிட்டு வந்தா "ஓவரா இருக்கு சார், மாத்துங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு வித்தியாசம், பாட்டுல அந்தப் பையன் செத்துப் போறான், இவரு உயிரோட மாட்டினாரு.

கொலை முயற்சி, ஆயுதம் வச்சிருந்தது எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. டெஃப் ஜாம் முதலாளி ரஸ்ஸல் சிம்மன்ஸ் பெரிய தொகை கட்டி பெயில்ல எடுத்தாரு, எதுக்குன்னா ஜெயிலுக்குப் போறதுக்குள்ள அடுத்த ஆல்பத்த முடிக்கணும். சில வாரத்துல அடிச்சுப் பிடிச்சு முடிச்சதுதான் 1991ல வந்த "தி ரூலர்ஸ் பேக்". அவசரம் காதுல கேக்கும், அந்த நிதானமான ஆள் இதுல மூச்சு வாங்க வாங்க ராப் பண்றாரு, எனக்கு அது பிடிக்காது. தண்டனைக் காலத்துக்கு நடுவுல வெளிய வேலைக்குப் போயிட்டு வர்ற அனுமதி கெடச்சப்போ பண்ணதையும் சேர்த்து 1994ல "பிஹைண்ட் பார்ஸ்" வந்துச்சு, அதுவும் பெருசா போகல. இந்த நடுவுல 1995ல மோன்டெல் ஜோர்டன் "திஸ் இஸ் ஹவ் வீ டூ இட்"னு ஒரு பாட்டு விட்டாரு, அமெரிக்காவுல ஏழு வாரம் 1ஆம் இடம், இன்னைக்கும் எந்த கல்யாண டிஜேவும் விடாம போடுற பாட்டு, அதோட அடித்தளமே "சில்ட்ரன்ஸ் ஸ்டோரி" தாளம்தான். ஊரே அவரு தாளத்துக்கு ஆடுது, அவரு தண்டனைய எண்ணிக்கிட்டு இருக்காரு.

அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல உள்ள இருந்து 1996ல வெளிய வந்தாரு. இந்த "அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல"ங்கறத கவனிங்க.

நம்மாளுங்க பல பேர் நெனைக்கிறது என்னன்னா, கிரீன் கார்டு வந்துட்டா செட்டில், அதான் பேரே பர்மனென்ட் ரெசிடென்ட் ஆச்சே. பேருதான் பர்மனென்ட். கிரீன் கார்டு வச்சிருக்கற ஒருத்தர் பெரிய குற்றத்துல தண்டிக்கப்பட்டா, தண்டனை முடிஞ்சதும் நாடு கடத்த சட்டத்துல எடம் இருக்கு, எத்தன வயசுல வந்தோம், பொண்டாட்டி புள்ள எங்க இருக்காங்கங்கறது அத தானா தடுக்காது. முன்னாடி ஒரு வழி இருந்துச்சு, சட்டத்துல 212சின்னு ஒரு பிரிவு. பல வருஷமா இங்க வாழ்ந்தவர், குடும்பம் இருக்கு, திருந்திட்டாருன்னு காட்டினா இமிக்ரேஷன் ஜட்ஜ் மன்னிச்சு இருக்க விடலாம். 1990ல அதுல ஒரு கோடு போட்டாங்க: அந்த மாதிரி பெரிய குற்றத்துக்காக அஞ்சு வருஷமோ அதுக்கு மேலயோ ஜெயில்ல இருந்திருந்தா இந்தச் சலுகைய கேக்கவே முடியாது. 1996ல வந்த சட்டம் அந்தப் பிரிவையே மொத்தமா தூக்கிடுச்சு, நாடு கடத்தக்கூடிய குற்றங்களோட பட்டியலையும் நீட்டிடுச்சு.

ரிக் கேஸ்ல மொதல்ல ஒரு இமிக்ரேஷன் ஜட்ஜ் இருக்கலாம்னு சொன்னாரு, இமிக்ரேஷன் துறை அப்பீல் போச்சு, மேல தீர்ப்பு மாறிடுச்சு. ஜெயில்ல இருந்த கணக்கு அந்தக் கோட்டத் தாண்டினது எவ்ளோ பெரிய விஷயம்னு இப்போ புரியும். தண்டனைக் காலத்துல ஒரு மாசம் கொறைஞ்சிருந்தா ஒரு வாதம், கூடியிருந்தா இன்னொரு வாதம், வாழ்க்கையே அந்த நாள் கணக்குல தொங்குது.

இருந்தாலும் வெளிய வந்தவரு சும்மா இல்ல. கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. பிராங்ஸ்ல வீடுங்க வாங்கி வாடகைக்கு விட்டாரு, ஆமா, அந்தக் கிரீட ராஜா ஹவுஸ் ஓனரா மாசா மாசம் வாடகை வசூல் பண்ணிக்கிட்டு இருந்தாரு. 1999ல "தி ஆர்ட் ஆஃப் ஸ்டோரிடெல்லிங்" ஆல்பம், அவுட்காஸ்ட், நாஸ், ரேக்வான், ஸ்னூப்னு அவரக் கேட்டு வளர்ந்த பசங்க எல்லாம் வந்து கூடப் பாடினாங்க. பழைய நிதானம் திரும்பி வந்துடுச்சு. என்னைக் கேட்டா மொத ஆல்பத்துக்கு அடுத்து இதுதான்.

அப்பறம் 2002 ஜூன். கரீபியன் கடல்ல போற ஒரு சொகுசுக் கப்பல்ல ஷோ. பாடி முடிச்சு கப்பல் மயாமி துறைமுகத்துக்குத் திரும்பி வந்துச்சு, எறங்கும்போது இமிக்ரேஷன் ஆளுங்க பிடிச்சாங்க. அவங்க வாதம் கேளுங்க: உன் மேல நாடு கடத்தல் உத்தரவு இருக்கும்போது நீ கப்பல் ஏறி நாட்ட விட்டு வெளிய போயிட்ட, அதாவது உன்ன நீயே நாடு கடத்திக்கிட்ட, இப்போ நீ திரும்பி உள்ள வர்றது சட்ட விரோதம். பாட்டுப் பாட கப்பல்ல போனவன, நீயே நாட்ட விட்டுப் போயிட்டன்னு சொல்றது. சட்டப்படி அதுக்கு ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்யுது, விசா ஸ்டாம்பிங்குக்காக ஊருக்கு வரப் பயந்துக்கிட்டு அம்மா அப்பாவ வருஷக் கணக்கா பாக்காம இருக்கற நம்ம பசங்களுக்கு அந்த தர்க்கம் நல்லாவே புரியும், எல்லைய தாண்டுற வரைக்கும் ஒரு கதை, தாண்டிட்டா வேற கதை.

17 மாசம் ஃப்ளோரிடால அடைச்சு வச்சிருந்தாங்க. பெயில் கேட்டு கேட்டு கெடைக்கல. மனைவி மாண்டி நியூயார்க்லேருந்து விடாம போராடினாங்க, ரஸ்ஸல் சிம்மன்ஸ், வில் ஸ்மித் மாதிரி ஆளுங்க ஆதரவு குடுத்தாங்க. 2003 நவம்பர்ல வெளிய விட்டாங்க. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா 2006 அக்டோபர்ல திரும்ப ஆரம்பிச்சாங்க, நியூயார்க்ல நடந்துக்கிட்டு இருந்த வழக்க, கொஞ்சம் கடுமையான கோர்ட்டுன்னு பேர் எடுத்த அட்லாண்டா அப்பீல் கோர்ட்டுக்கு மாத்தப் பாத்தாங்க. 11 வயசுல விட்டு வந்த நாட்டுக்கு 41 வயசுல போ அப்படின்னு.

ரிக் ஒண்ணும் அறியாதவர் இல்ல. தெருவுல சுட்டாரு, அதுல ஒண்ணு சம்பந்தமில்லாத மனுஷனுக்குப் பட்டுச்சு, அதுக்கு ஜெயில் சரிதான். சுட்டதுக்கு வருஷங்கள ஜெயில்ல கொடுத்தாச்சு. அதே குற்றத்த இமிக்ரேஷன் துறை வேற ஃபைல்ல போட்டு, வேற பேர் வச்சு, 90கள்லேருந்து 2008 வரைக்கும் இழுத்துச்சு. இவருக்காவது ரசிகர் கூட்டம் இருந்துச்சு, வக்கீல் வைக்க காசு இருந்துச்சு, பேப்பர்ல பேர் வந்துச்சு. அதே ஃப்ளோரிடா தடுப்புக் காவல்ல அவரு பக்கத்துல இருந்தவங்களுக்கு அதெல்லாம் இருந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

கதவத் திறந்தது ஒரு கவர்னர். நியூயார்க்கோட மொதல் கருப்பின கவர்னர் டேவிட் பேட்டர்சன், 2008 மார்ச்ல பதவிக்கு வந்தாரு, முன்னாடி இருந்தவர் ஒரு விபச்சார விவகாரத்துல மாட்டி ராஜினாமா பண்ணதால. வந்த ரெண்டு மாசத்துல, மே 23ஆம் தேதி, ரிக்குக்கு முழுமையான நிபந்தனையில்லாத மன்னிப்பு குடுத்தாரு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு: மாநில கவர்னருக்கு இமிக்ரேஷன் மேல ஒரு அதிகாரமும் கெடையாது, அது மத்திய அரசு சமாச்சாரம். ஆனா மத்திய இமிக்ரேஷன் சட்டத்துலயே, ஜனாதிபதியோ ஒரு மாநில கவர்னரோ முழு மன்னிப்பு குடுத்துட்டா, பெரிய குற்றம்ங்கிற காரணத்த வச்சு நாடு கடத்த முடியாதுன்னு ஒரு வரி இருக்கு. அந்த ஒரு வரி வழியா உள்ள பூந்தாங்க. பேட்டர்சனுக்கு கைக்குழந்தையா இருந்தப்போ வந்த ஒரு நோயால இடது கண் பார்வை கெடையாது, வலது கண்ணுல கொஞ்சம்தான் தெரியும். அது மன்னிப்புக்குக் காரணம்னு நான் சொல்லல, ஆனா ரிக்கே எழுதியிருந்தா இந்த விஷயத்த கண்டிப்பா கதைக்குள்ள கொண்டு வந்திருப்பாரு.

அப்பறம் நடந்தத வேகமா சொல்லிடுறேன். 2016 ஏப்ரல் 15ல அமெரிக்க சிட்டிசன் ஆனாரு, வயசு 51, பிரிட்டிஷ் குடியுரிமையும் கையில இருக்கு. அதே காலகட்டத்துல வாஷிங்டன்ல இருக்கற ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியத்துக்கு தன் கண்பட்டை ஒண்ணக் குடுத்தாரு. எந்த மத்திய அரசு அவர கப்பல் படியில வச்சுப் பிடிச்சுதோ அதே அரசோட மியூசியம். 2023ல கிராமியோட வாழ்நாள் சாதனை விருது. 2025 ஜூன்ல "விக்டரி"ன்னு புது ஆல்பம், முந்தின ஆல்பத்துக்கு அப்பறம் 26 வருஷம் கழிச்சு, பின்னால நின்னது நடிகர் இட்ரிஸ் எல்பா, அவரும் லண்டன் பையன்தான்.

21 சாவேஜோட ஒப்பிடுறது சரியான்னா, பாதிதான் சரி. ரெண்டு பேரும் பிரிட்டன்ல பொறந்து சின்ன வயசுல வந்தவங்க. ஆனா ரிக் முறையான பேப்பரோட வந்து குற்றத்தால மாட்டினவரு, சாவேஜ் மேல சொன்ன முக்கியக் குற்றச்சாட்டு சின்ன வயசுல வந்த விசா காலாவதி ஆனப்பறமும் தங்கிட்டாருங்கறது. சாவேஜ் கொஞ்ச நாள்லயே வெளிய வந்துட்டாரு, 2023ல கிரீன் கார்டும் வந்துடுச்சு.

எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, ராத்திரி லைட்ட அணைச்சிட்டு ஹெட்ஃபோன்ல மொதல்ல "லா டி டா டி", அடுத்தது "சில்ட்ரன்ஸ் ஸ்டோரி". இங்கிலீஷ் ஸ்லாங் பிடிபடலன்னா வரிகள பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டாவது தடவ கேளுங்க. பையன் கார்ல ஏறுற எடத்துலேருந்து குரல மட்டும் கவனிங்க, வேகம் கூடும், ஆனா சத்தம் கூடாது. கார் மரத்துல மோதுற வரி வரும்போது நிறுத்திட்டு, இத எழுதினப்போ அவருக்கு 23 வயசுங்கறத ஒரு தடவ நெனைச்சுக்கிட்டு, மறுபடியும் ப்ளே பண்ணுங்க.